ருசி பார்த்தது எங்கே போச்சு

அந்தப் பேக்கரியின் பின்னறையில் ஒரு பாத்திரம் கிரீம் அடித்து முடிந்தால், ஸ்பூனம்மா வந்து ருசி பார்க்கும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அவள் வருவாள். மேலங்கிப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த ஸ்பூனை எடுப்பாள். ஒரு வாய். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நிற்பாள். பிறகு "போகலாம்" என்றோ "ஒரு சிட்டிகை உப்பு" என்றோ சொல்வாள். ஸ்பூனை வெந்நீர்க் குவளையில் அலசித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பாத்திரத்துக்கு நகர்வாள். பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

முதலாளிக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகிறபோது அவருடைய நாக்கின் ருசியையும் மூக்கின் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. சர்க்கரையும் உப்பும் அவருக்கு ஒரே மணல். அதனால் கடையில் எது அவர் வார்த்தைக்கு நின்றாலும் கிரீம் மட்டும் ஸ்பூனம்மாவின் வார்த்தைக்குத்தான் நிற்கும். அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் மற்றவர்கள் பாத்திரத்தைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கிற அந்த ஐந்து விநாடி அவளுக்குப் பிடிக்கும். வேறு எங்கேயும் அவள் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு மாதவிடாய் தள்ளிப் போனது. ஒரு மாதம் என்று நினைத்தாள், மூன்று மாதம் ஆயிற்று. மாமியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பேத்திக்கு ஒரு தம்பி வரப்போகிறான் என்று தானாகவே முடிவுகட்டி, அவளைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவிடவில்லை. சோதித்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. மாமியார் குடத்தைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

தாடையோரம் பருக்கள் வந்திருந்தன. முகவாயில் நாலைந்து கறுத்த முடிகள். வேலை செய்யும்போது கட்டிக்கொள்கிற முகத்துணியை அவள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் கழற்றாமல் இருக்கப் பழகியிருந்தாள். இடுப்பில் சதை ஏறியது. மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ பின்னாலிருந்து சுவிட்சை அணைத்தது மாதிரி உடம்பு ஓய்ந்துபோகும்.

டாக்டரம்மா ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். முடிவுகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோலப் பேசினார். சர்க்கரையைக் கையாள்வதற்காக உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறி ஊறுகிறது. அது கூடினால் சினைப்பையில் மற்ற ஹார்மோன்களின் நிதானம் கெடும். முட்டை பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடும். ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. மாத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை, வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதலில் மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரி செய்து பார்க்கலாம். அதற்குள் வராவிட்டால் மாத்திரை கொடுத்து வரவைத்தே ஆக வேண்டும், மாதக்கணக்கில் அப்படியே விடக்கூடாது.

வேலை எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். பேக்கரி என்றதும் பேனா நின்றது.

"இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?"

"தொடவே மாட்டேன் டாக்டர். பதினோரு வருஷத்துல ஒரு துண்டு கேக் சாப்பிட்டதில்ல."

அவள் பொய் சொல்லவில்லை. கடையில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால்கூடத் தன் துண்டைக் காகிதத்தில் மடித்து மகளுக்கு எடுத்துப் போய்விடுவாள். டாக்டரம்மா நம்பினார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தினம் சாப்பிடுகிறதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதச் சொன்னார்.

ஸ்பூனம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். தட்டில் சோறு இருந்த இடத்துக்குக் காயும் கீரையும் வந்தன, காய் இருந்த மூலைக்குச் சோறு போனது. பருப்பு தினமும், முட்டை ஒன்று. மாமியார் கீரைக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் மாடு ஏதாவது வாங்கிக் கட்டியிருக்கிறோமா என்று மகனிடம் விசாரித்தார். காலைச் சாப்பாடு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை. ஆறு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். போனால் பசி தெரியாது என்று நோட்டில் "காலை: ஒன்றுமில்லை" என்று எழுதினாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலைவிட்டு வந்ததும் இருவரும் தெருவைச் சுற்றி நாற்பது நிமிஷம் நடந்தார்கள். திரும்பி வந்து நான்கு மாடி அவள் படியேறுவாள். அவன் இரண்டாவது மாடிவரை கூட வந்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துவான்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் குடுக்கறவன் பொண்டாட்டி படியில மூச்சு வாங்குதுன்னு கம்பெனியில தெரிஞ்சா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க" என்பான்.

"தூக்குனா நீயும் என்கூட நாலு மாடி ஏறு."

ஆறு வாரம் இப்படிப் போனது. கால்கள் இறுகின, மூன்றாவது மாடியில் நிற்காமல் ஏற முடிந்தது. ஆனால் டாக்டரம்மாவின் தராசில் ஏறி நின்றபோது முள் பழைய இடத்தில்தான் நின்றது. ரத்தத்தில் சர்க்கரை அங்கேயே. வர வேண்டியதும் வரவில்லை. டாக்டரம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வேற எதுவும் விட்டுப்போகலையே?" என்று ஒரு தடவை கேட்டார்.

"இல்ல டாக்டர்."

அன்று அவள் படியேறவில்லை. லிஃப்டில் போனாள். புருஷன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லவந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாலாவது மாடிப் பொத்தானை அழுத்தினான்.

அடுத்த வாரம் பல்வலி வந்தது. கடைவாயில் சொத்தை. பல் டாக்டர் ஊசி போட்டு மரக்கவைத்து ஓட்டையை அடைத்தார். மரப்பு விடுகிறவரை வாயில் எதையும் வைக்காதே, கன்னத்தைக் கடித்துக்கொள்வாய் என்று எச்சரித்து அனுப்பினார். ஸ்பூனம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். அவள் இல்லாத நேரத்தில் அடுப்பண்ணன் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதருக்கு எதை வாயில் வைத்தாலும் அமிர்தம்தான். ஏழு பாத்திரத்துக்கும் "பிரமாதம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஸ்பூனம்மாவுக்கு உதடு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ருசி பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஸ்பூன் பாத்திரத்துக்குள் போனது, வாய்வரை வந்தது, அப்போதுதான் நினைவு வந்தது. எடுத்ததைத் திரும்பப் பாத்திரத்தில் போடக்கூடாது, அது அந்த அறையின் முதல் சட்டம். பக்கத்திலிருந்த காகிதக் கப்பின் விளிம்பில் வழித்தாள். பத்து நிமிஷம் கழித்து எலுமிச்சை கிரீமிடம் போனபோதும் அதே கதை. சாக்லேட் பாகைப் பதம் பார்க்க மூன்று தடவை, பாலேடு ஒருதரம், பழக்கூழ் இரண்டு தடவை. பாத்திரத்தைக் கடந்துபோகும்போது சும்மாவே இரண்டு தடவை. தன் கை இத்தனை தடவை போகிறது என்று அவளுக்கே தெரியாது. இன்றைக்குப் பல் வலிப்பதால் கை பதறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பெட்டியக்கா கப்பைப் பார்த்தாள். பெட்டியக்கா என்றால் அட்டைப் பெட்டி மடித்து கேக்கை அடுக்குகிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். ஒரு கப் விளிம்புவரை நிறைந்து, இரண்டாவது கப்பில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மஞ்சள், பழுப்பு, வெள்ளை, சிவப்பு என்று அடுக்கடுக்காக.

"யாருக்குடி இது? வாங்கறவங்க வந்து நிக்கறாங்களா?"

"யாருக்கும் இல்லக்கா. நான் ருசி பார்க்க எடுத்தது. வாய் மரத்துப்போச்சுல்ல, அதுல வழிச்சு வச்சேன்."

பெட்டியக்கா அட்டையைக் கீழே வைத்தாள். அது அவள் அபூர்வமாகச் செய்கிற காரியம்.

"இன்னிக்கு நீ வந்ததே பதினோரு மணிக்கு மேல. அப்ப தெனமும் இதுக்கும் மேல முழுங்கறியா?"

"முழுங்கலக்கா. ருசிதான் பார்க்கறேன்."

"சரி. ருசி பார்த்தது எங்க போச்சு?"

ஸ்பூனம்மா கப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமாக இருந்தது. பதினோரு வருஷமாக அது வேலை. சுத்தியல் பிடிக்கிறவன் கை வலித்தால் அதை உடற்பயிற்சி என்றா எழுதுவான்? அவள் நோட்டில் வீட்டில் குடித்த மோரைக்கூட எழுதியிருந்தாள். இதை எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. காலையில் ஏன் பசிப்பதில்லை என்பதும் அந்தக் கப்புக்குள்ளேயே இருந்தது. மூன்று மணிக்கு உடம்பு ஏன் அணைந்துபோகிறது என்பதும்.

அன்றைக்கு நோட்டில் புதிதாக ஒரு வரி போட்டாள். "வேலை: ஒன்றரைக் கப்." மறுநாள் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். திட்டவில்லை. நானும் தப்பாகத்தான் கேட்டிருக்கிறேன், இனிப்பு சாப்பிடுவாயா என்று கேட்டேனே தவிர வாயில் வைப்பாயா என்று கேட்கவில்லை என்றார். ஸ்பூனம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சிரிப்பு பஸ் ஏறுகிறவரைதான் இருந்தது. கடைக்குள் நுழையும்போது விஷயம் முழுசாக உறைத்தது. ஸ்பூனை விட்டால் உடம்பு தேறலாம். ஸ்பூனை விட்டால் அவள் யார்?

முதலாளியிடம் சொன்னாள். மாதக் கணக்கையெல்லாம் சொல்லாமல், சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னாள். அவர் வாயில் வைத்துத் துப்பிவிடலாமே என்றார். கிரீம் மேசை இருக்கிற அறையில் எச்சிலா என்று அவள் கேட்டதும் அவரே தலையில் அடித்துக்கொண்டார். அவள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். பல்லுக்காக வாங்கிய பல்குச்சி டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாள். ஸ்பூனுக்குப் பதில் ஒரு குச்சி, நுனியில் ஒட்டுகிற அளவு, ஒரு பாத்திரத்துக்கு ஒரே தடவை.

"கொசு குடிக்கிற அளவுல உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் முதலாளி.

தெரியும் என்றாள். அவளுக்கே நிச்சயமில்லை.

காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தாள். வயிறு நிறைந்திருந்தால் கை அவ்வளவாக அலையவில்லை. ஆனால் நாக்கு முரண்டு பிடித்தது. வாய் நிறைய வாங்கிப் பழகியதற்கு ஒரு துளியைக் கொடுத்தால், அது என்னவென்று கேட்பதற்குள் தீர்ந்துபோனது. நாலாம் நாள் எலுமிச்சை கிரீமுக்குப் "போகலாம்" சொன்னாள். சாயங்காலம் அந்த கேக் திரும்பி வந்தது. வாங்கிய அம்மாள் பெட்டியைத் திறந்தே வைத்துக் கசக்கிறது என்றார். எலுமிச்சைத் தோலைத் துருவும்போது அடியிலிருக்கிற வெள்ளைப் பகுதியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அந்தக் கசப்பு வாயில் போட்டவுடன் தெரியாது. கொஞ்சம் பொறுத்துத்தான் எட்டிப் பார்க்கும். அவள் பொறுக்கவில்லை.

முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் போனபிறகு அவளை நிற்கச் சொன்னார்.

"இந்தக் கடைக்கு ஒரே ஒரு நாக்குதாம்மா இருக்கு. அதுவும் என்னோடது இல்ல. உன் உடம்பக் கெடுத்துக்கோன்னு நான் சொல்ல முடியாது. நீ பெட்டியக்காகூட உக்காந்து பெட்டி மடி, நான் வேற ஆள் பார்க்கறேன். குறையா நினைக்காத."

"சனிக்கிழமை வரைக்கும் குடுங்க."

"சனிக்கிழமை என்ன?"

"அதுவரைக்கும் ஒண்ணு தப்பாப் போனாலும் நானே போய்ப் பெட்டி மடிக்கறேன்."

அன்றைய படிகளை அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள். புருஷன் நான்கு மாடியும் கூடவே ஏறினான். மேலே வந்ததும், மூச்சு வாங்கியபடி, லிஃப்டில் ஒரு கோளாறு இருந்தால் முதலில் காதால்தான் கண்டுபிடிப்பேன், கருவி எல்லாம் அப்புறம்தான் என்று மட்டும் சொன்னான். சும்மா தன் வேலையைப் பற்றிப் பேசுகிறவன்போலத்தான் சொன்னான்.

மறுநாளிலிருந்து அவள் வேகத்தைக் குறைத்தாள். முதலில் பாத்திரத்தின் ஓரத்தைப் பார்த்தாள், கிரீம் வழுவழுப்பாகப் பிரிகிறதா, மணல் மணலாக நிற்கிறதா என்று. பிறகு முகத்துணியை இறக்கிக் குனிந்து மூச்சை இழுத்தாள். முகவாய் முடியை யார் பார்த்தால் என்ன என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் குச்சி. துளியை நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிப் பத்துவரை எண்ணினாள். ஏழு எண்ணும்போதுதான் சில விஷயங்கள் வந்து கதவைத் தட்டின. இத்தனை வருஷமும் முதல் துளியிலேயே நாக்கு சொல்லிமுடித்திருக்கிறது. மிச்ச ஸ்பூன் முழுவதும் பசிக்கும் பழக்கத்துக்கும் போட்ட தீனி.

சனிக்கிழமை காலை மேசைமேல் ஐந்து பாத்திரம் வரிசையாக இருந்தது. ஐந்தும் வெள்ளை வெண்ணெய் கிரீம், ஒரே நிறம், ஒரே உயரம். முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுப்பண்ணன் அடுப்பில் ஒன்றுமே இல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியக்கா ஒரே அட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். இது தனக்கு வைத்த பரீட்சை என்று ஸ்பூனம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

பார்த்தாள், முகர்ந்தாள், குச்சியைத் தொட்டாள், எண்ணினாள். நடுநடுவே தண்ணீர் குடித்து வாயைக் கழுவிக்கொண்டாள். ஐந்து குச்சிகள் குப்பைத்தொட்டிக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

"ரெண்டாவதுல உப்பு போடல" என்றாள்.

முதலாளியின் தோள் இறங்கியது. சிரிக்கப் போனார்.

"நாலாவதையும் எடுத்துருங்க. வெண்ணெய் பழசு."

"நாலாவதுல யாரும் கை வைக்கலையேம்மா. ரெண்டாவதுல மட்டும்தான் உப்பு போடாம விடச் சொன்னேன்."

"எனக்குத் தெரியாது. அது பழசு."

முதலாளி அடுப்பண்ணனைப் பார்த்தார். அடுப்பண்ணன் அடுப்பைப் பார்த்தார். பிறகு, போன வாரம் பிரித்த கட்டி ஒன்று ஃபிரிட்ஜின் மூலையில் கிடந்ததாகவும், வீணாகப் போகிறதே என்று அதையும் சேர்த்துவிட்டதாகவும், தான் ருசி பார்த்தபோது பிரமாதமாகத்தான் இருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். முதலாளி நாலாவது பாத்திரத்தின்மேல் குனிந்து, ஒன்றும் தெரியாத மூக்கால் நன்றாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து, பல்குச்சி டப்பா இனிமேல் கடைக் கணக்கில் வாங்கப்படும் என்று அறிவித்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, சாக்லேட் பாகின்மேல் குனிந்து ஏழு எண்ணிக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் பழைய இழுப்பு. அவள் பத்துவரை எண்ணி முடித்தாள். "போகலாம்" என்று சொன்னாள். பிறகு பெட்டியக்காவிடம் போய்க் காதோடு கேட்டாள். பெட்டியக்கா தன் பையைத் துழாவி எடுத்துக்கொடுத்துவிட்டு, கேக் கட்டுகிற சிவப்பு ரிப்பனில் ஒரு முழம் வெட்டி அதையும் அவள் கையில் வைத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"நல்ல சேதிக்கு ரிப்பன் கட்டாம எப்படிக் குடுக்கறது. போடி."

டாக்டரம்மாவின் தராசு இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து அரை அடி பின்னால் போயிருந்தது. இது ஒரு தடவை வந்ததை வைத்துத் தீர்ந்தது என்று நினைக்காதே, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பார்க்க வேண்டும், நடையை விடாதே, மாத்திரை தேவைப்பட்டால் அப்போது பார்க்கலாம் என்றார். முகவாய் முடி போக நாளாகும் என்றும் சொன்னார். ஸ்பூனம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது, எப்போதாவது ஒரு துண்டு கேக் சாப்பிடலாமா என்று கேட்டாள். எப்போதாவது சாப்பிடலாம், சாப்பாட்டுக்கு அப்புறம், உட்கார்ந்து சாப்பிடு, எழுதி வை என்றார் டாக்டரம்மா.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கேக்கின் மூலை பெட்டிக்குள் போகும்போது இடித்து நசுங்கிவிட்டது. விற்க முடியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியக்கா அதை வெட்டினாள். வழக்கம்போல் ஸ்பூனம்மாவின் துண்டை மடிக்கக் காகிதத்தை எடுத்தாள்.

"தட்டுல வைக்கா" என்றாள் ஸ்பூனம்மா.

பெட்டி மடிக்கிற மேசையோரம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேலங்கிப் பையில் சும்மா கிடந்த நீளக் காம்பு ஸ்பூனை எடுத்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, கண்ணை மூடவில்லை, எதையும் எண்ணவும் இல்லை. அடுப்பண்ணனும் பெட்டியக்காவும் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன, உப்பு வேணுமா?" என்றாள் பெட்டியக்கா.

"தெரியலக்கா. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

கடைசித் துணுக்கையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். பரவாயில்லை, கடையில் நல்ல கேக்தான் போடுகிறார்கள் என்று நினைத்தாள். நோட்டை எடுத்து, "வேலை: பல்குச்சி, பன்னிரண்டு" என்ற வரிக்கு மேலே, சாப்பாடு என்கிற இடத்தில், "கேக், ஒரு துண்டு" என்று எழுதினாள்.